தளபதிக்கு அடுத்தவர்

அனுமந்தை சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குள் யாரும் வரலாற்றைப் பற்றி யோசிப்பதில்லை. பாதிப் பேர் புதுச்சேரியில் எந்தச் சரக்கு எந்தக் கடையில் மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். மீதிப் பேர் வாங்கியதைத் திரும்பி வரும்போது எந்த சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பது என்று திட்டமிடுகிறார்கள். 1760 மார்ச்சில் இந்தக் கரையைக் கைக்குள் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குக் குறிவைத்த ஒரு படையும் இருந்தது. அது யாருக்கும் சுங்கம் கட்டவில்லை. போன வேலை முடிந்ததும் ஊரையே இடித்துத் தள்ளியது.

அந்தக் காலத்து வரைபடம் எளிது. வடக்கே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. புதுச்சேரி கவர்னர் டூப்ளேவின் உதவிக்குக் கைம்மாறாகத் தக்காண சுபேதார் முசாபர் ஜங் 1750-ல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தது. மேற்கே திண்டிவனம் போகும் வழியில் பெருமுக்கல் மலை, அதன் மேலும் ஒரு பிரெஞ்சுக் காவல். தெற்கே புதுச்சேரி. இந்த மூன்றுக்கும் நடுவில் மரக்காணத்து உப்பளமும் அனுமந்தைக் குப்பமும், இரண்டு கம்பெனிகளில் எது ஜெயித்தாலும் தங்களுக்கு ஒரு பிடி உப்புகூட மிச்சமாகாது என்று தெரிந்த ஜனங்களும்.

இந்தியா பிரெஞ்சுக்காரனுக்கா, ஆங்கிலேயனுக்கா என்ற வழக்கு இந்த வட்டாரத்தில்தான் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இதற்குக் காரணங்கள் கேட்டால் கடற்படை பலம், பணபலம், டூப்ளேயைத் திருப்பி அழைத்தது என்று எழுதுவோம், மதிப்பெண்ணும் வாங்குவோம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் போரின் காகிதங்களைப் புரட்டினால், இரண்டு பாளையத்திலும் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு கேள்வி என்று தெரியும்: தளபதிக்கு அடுத்தவர் யார், அவரை என்ன செய்வது?

இன்றைக்கும் நம் ராணுவத்தில் ஒவ்வொரு பட்டாலியனிலும் 'டூ ஐ சி' என்று ஒருவர் உண்டு. தளபதி இல்லாதபோது அவர்தான் தளபதி. தளபதி இருக்கும்போது மெஸ் கணக்கு, ரேஷன், வண்டிகள், ஸ்டோர் என்று எதில் பெயர் வாங்க முடியாதோ, எதில் கெட்ட பெயர் மட்டும் நிச்சயமோ, அந்த வேலையெல்லாம் அவர் தலையில். ராணுவத்தின் உச்சியிலும் துணைத் தலைமைத் தளபதி என்று ஒரு நாற்காலி இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் அந்த நாற்காலியில் இருந்து, 1966-ல் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. தமிழ்நாட்டில் இதற்கு இலக்கணம் நாவலர் நெடுஞ்செழியன். அண்ணா இறந்தபோது தற்காலிக முதல்வர், எம்.ஜி.ஆர். இறந்தபோதும் தற்காலிக முதல்வர். இரண்டு முறையும் நாற்காலி சூடேறுவதற்குள் எழுந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு நெடுஞ்செழியன் இருந்து, அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் நாம் இன்று பெட்டிக்கடையில் பன்னுக்குப் பதில் குருவாசான் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவர்களிடம் இருந்தவர் பெயர் புஸ்ஸி. புதுச்சேரியில் தெருவாகவும், ஒரு காலத்தில் சட்டமன்றத் தொகுதியாகவும் ஆன அதே புஸ்ஸி. இப்போது ஒரு கட்சித் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் அந்தத் தொகுதியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். தற்செயல்தான். நான் மேலே எதுவும் சொல்லப் போவதில்லை.

புஸ்ஸி 1751-லிருந்து ஐதராபாத்தில் நிஜாம் சலாபத் ஜங்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு வருடம் ராஜாங்கம் நடத்தியவர். பட்டம் நிஜாமுக்கு, பட்டாளம் புஸ்ஸிக்கு. சம்பளப் பாக்கிக்கு ஈடாக 1753-ல் வடசர்க்கார் முழுவதையும், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில் பெரும்பகுதியை, எழுதி வாங்கியவர். இந்துஸ்தானத்தில் எந்த நவாபுக்கு என்ன வைத்தியம், எந்தத் திவானுக்கு எவ்வளவு காணிக்கை என்று தெரிந்த ஒரே பிரெஞ்சுக்காரர். இப்படி ஒருவர் கையில் இருக்கும்போது பாரிஸ் என்ன செய்யும்? அவருக்கு மேலே புதிதாக ஒருவரை அனுப்பும்.

1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் வந்து இறங்கினார் தாமஸ் ஆர்தர் லாலி. பெயரைப் பார்த்தாலே தெரியும், முழுப் பிரெஞ்சு ரத்தம் அல்ல. அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலேயன் என்றால் பரம்பரைப் பகை. தைரியத்துக்குப் பஞ்சம் இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவன் திருடன். புதுச்சேரி கம்பெனிக்காரர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. ஆனால் உண்மையைத் தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தால் யார் மாலையில் வேலை செய்வார்கள்? வந்த ஐந்தாவது வாரம், ஜூன் 2 அன்று, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அதற்கு வண்டி மாடு போதவில்லை என்று ஊர்க்காரர்களை, எந்தச் சாதி என்று பாராமல், பிடித்துச் சுமை தூக்க வைத்தார். சமத்துவவாதி என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊரில் பாதி ஓடிப்போனது.

பிறகு காசு தேடித் தஞ்சாவூருக்குப் போனார். அந்த ராஜா எப்போதோ எழுதிக் கொடுத்த 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று புதுச்சேரிப் பெட்டியில் கிடந்தது. வட்டிக்காரன் வாசலில் நிற்பதுபோல் படையோடு போய் நின்றார். போகும் வழியில் கீழ்வேளூர்க் கோயில் அர்ச்சகர்களை உளவாளிகள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. பத்திரத்துக்குத் தஞ்சாவூரில் பணமும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் பசியோடு திரும்பினார்.

இதற்கு நடுவில்தான் அந்த ஓலை போனது: புஸ்ஸி, ஐதராபாத்தை விட்டுவிட்டு உடனே வா. லாலியின் பார்வையில் நிஜாம், நவாப், சுபேதார் எல்லாம் வெட்டி வேலை. ஆங்கிலேயனை விரட்டினால் மற்றதெல்லாம் தானே விழும். புஸ்ஸி எவ்வளவோ எழுதிப் பார்த்தார், கடைசியில் கீழ்ப்படிந்தார். அவர் எழுந்து வந்த இடத்தில் கோன்ஃப்ளான் என்பவரை உட்கார வைத்தார்கள். 1758 டிசம்பரில் ஒரு போர், 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம், தீர்ந்தது வடசர்க்கார். ஏழு வருடச் சம்பாத்தியம் ஐந்து மாதத்தில் காலி. துணைத் தளபதி என்ன வேலை செய்தார் என்று கண்டுபிடிக்க அவரை இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல வழிதான், கொஞ்சம் செலவாகும்.

புதுச்சேரியில் புஸ்ஸிக்கு வேறொரு சங்கடம். அவர் பதவி லெப்டினன்ட் கர்னல். லாலியோடு பிரான்ஸிலிருந்து வந்திருந்த கர்னல்களெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள், காகிதக் கணக்கில் அவருக்கு மேல். அந்தக் கர்னல்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: இந்த மனிதர் எங்களைவிட விஷயம் தெரிந்தவர், இவரை எங்களுக்கு மேலே போடுங்கள். அரசாங்க உத்தியோக வரலாற்றில் தன்னைவிட இளைய பதவிக்காரனுக்குப் பிரமோஷன் கேட்டு மேலே இருப்பவர்கள் மனுப்போட்டது அநேகமாக இந்த ஒரு முறைதான் இருக்கும். லாலி எரிந்துபோனார். புஸ்ஸி பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்பது அவர் கணிப்பு.

அந்த டிசம்பரில் சென்னையை முற்றுகை போட்டார்கள். முதல் நாளே பிரெஞ்சு சிப்பாய்கள் கறுப்பர் நகரத்தை, இன்றைய ஜார்ஜ் டவுனை, சூறையாடிச் சாராயக் கிடங்குகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவெல்லாம் தள்ளாட்டம். கோட்டைக்குள்ளிருந்து டிரேப்பர் என்ற கர்னல் ஒரு படையோடு வெளியே பாய்ந்தார். பிரெஞ்சுப் பக்கம் அந்த இடத்துக்குப் பொறுப்பு கோமகன் டெஸ்தேன். அவருக்குக் கிட்டப்பார்வை. எதிரில் நிற்பது நம்ம ஆட்கள் என்று நினைத்துக் குதிரையை ஓட்டிக்கொண்டு நேரே ஆங்கிலேயர் நடுவில் போய் நின்றார். மரியாதையாகக் கைது செய்தார்கள். டிரேப்பர் திரும்பும் வழியை ஒரு பாலத்தருகே மறித்திருக்கலாம், புஸ்ஸிதான் தடுத்துவிட்டார் என்று லாலி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். புஸ்ஸியிடம் அதற்கு ஒரு நீளமான விளக்கம் இருந்தது. பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. முற்றுகை முடிந்தது. பழி பங்கிடும் வேலை தொடங்கியது.

1759-ல் பாரிஸிலிருந்து வந்த உத்தரவு புஸ்ஸியை முறைப்படி இரண்டாம் தளபதி ஆக்கியது. லாலிக்குப் பிடிக்காதவர், லாலி போனால் லாலியாக வேண்டியவர். இந்த ஏற்பாட்டை யோசித்த அமைச்சர் மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் விட்டுப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

அக்டோபரில் வந்தவாசியில் பட்டாளமே எகிறியது. பல மாதச் சம்பளப் பாக்கி. வெள்ளைச் சிப்பாய்கள் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு பாளையத்தை விட்டு வெளியேறினார்கள். அதிகாரிகளைத் துரத்திவிட்டு, தங்களுக்குள் ஒரு சார்ஜென்ட்டைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தளபதியின் கீழ் ஒழுங்கு பிரமாதமாக இருந்ததாம், காவல் மாறியது, கட்டளை நடந்தது. முதலாம் தளபதி, இரண்டாம் தளபதி இருவரும் சேர்ந்து கொண்டுவர முடியாத ஒழுங்கு. லாலி தன் பெட்டியிலிருந்தே பணம் போட்டு, பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து சமாதானம் பண்ணினார். அதே நேரத்தில் நிஜாமின் தம்பி பசாலத் ஜங்கைக் கூட்டணிக்கு அழைக்கப் போய்க்கொண்டிருந்தார் புஸ்ஸி. சம்பளம் கொடுக்க வக்கில்லாதவனோடு கூட்டணியா என்று அங்கே சூடு ஆறிப்போனது.

1760 ஜனவரி 22. இதற்குள் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்த வந்தவாசிக் கோட்டையை லாலி முற்றுகை போட்டிருந்தார். எதிரிப் படை பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கோட்டையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்று புஸ்ஸி சொன்னார். சொன்னது புஸ்ஸி என்பதே அதைக் கேட்காமலிருக்கப் போதுமான காரணம். வந்தார் அயர் கூட், அவரும் அயர்லாந்துக்காரர்தான். பிரெஞ்சு ராஜாவுக்காக ஒரு அயர்லாந்துக்காரரும் இங்கிலாந்து ராஜாவுக்காக இன்னொரு அயர்லாந்துக்காரரும் கோரைப் பாய்க்குப் பேர்போன ஊரில் இந்தியாவுக்காக அடித்துக்கொண்டார்கள். இரு பக்கமும் ஐரோப்பியர் ஏறத்தாழ 2,000 பேர்.

லாலி குதிரைப் படையைப் பார்த்து 'பாயுங்கள்' என்றார். அவர்கள் அசையவில்லை. லொரேன் ரெஜிமென்ட் மட்டும் வீறாப்பாக ஓடி, நுழைந்த இடத்திலேயே நொறுங்கியது. இடது பக்கம் ஒரு ஏரிக்கரையை அரண் ஆக்கி வைத்திருந்தார்கள். அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் ஆங்கிலேயர் குண்டு விழுந்து, சுற்றியிருந்தவர்களோடு கரை சிதறியது. அதை மீட்க ஓடியவர் இரண்டாம் தளபதி. குதிரை அடிபட்டு விழுந்தது. கத்தியை உருவிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்தவர்கள் சொற்பம், சுற்றி நிற்பவர்கள் ஆங்கிலேயர்கள். பிடிபட்டார். கூலிக்கு அமர்த்திய மராட்டியக் குதிரைப் படை தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கிளம்பியது. கூட்டின் பக்கத்து சிப்பாய்களுக்கும் அன்றைக்குப் பெரிய வேலையில்லை. போர் முடிந்ததும் அவர்களுடைய தலைவர்கள் இருவர் கூட்டிடம் வந்து, இப்படி ஒரு சண்டையை நாங்கள் பார்த்ததே இல்லை, காட்டியதற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நாடு கைமாறிய நாளில் நம் தரப்பிலிருந்து பதிவான கருத்து இதுதான்.

அப்புறம் கூட் நம்ம பக்கம் வந்தார். மார்ச்சில் பெருமுக்கல் விழுந்தது. அந்த மலையில் கூட்டுக்கு முழங்காலில் ஒரு குண்டு. அதே மாதம் ஆலம்பரையும் போய், கோட்டை தகர்க்கப்பட்டது. இப்போது காதல் ஜோடிகள் செல்ஃபி எடுக்கும் அந்தச் செங்கல் சுவர்கள் 1760-ன் மிச்சம். ஏப்ரலில் காரைக்கால் போனது. அதைப் பிடித்தவர் மேஜர் மான்சன். கூட்டுக்கு அடுத்தவர். இங்கே ஆங்கிலேயர்களின் நெடுஞ்செழியன் மேடைக்கு வருகிறார்.

பிரெஞ்சுக்காரர்கள்தான் முட்டாள்கள், ஆங்கிலேயர் புத்திசாலிகள் என்று இதுவரை ஒரு நினைப்பு வந்திருந்தால் அதை இங்கே இறக்கி வைத்துவிடலாம். புதுச்சேரியை வளைத்தாயிற்று. கடலில் கப்பல், கரையில் படை, உள்ளே பசி. 1760 செப்டம்பர் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஒரு கப்பல் காகிதம் கொண்டுவந்தது. மான்சனுக்குப் பதவி உயர்வு. நல்லது. ஆனால் அந்த உயர்வுக்குப் போட்டிருந்த தேதி கூட்டின் பதவித் தேதிக்கு முந்தியது. அதாவது நேற்று மாலைவரை சல்யூட் அடித்தவர் இன்று காலை சீனியர். லண்டனில் எந்த குமாஸ்தாவின் பேனா வழுக்கியதோ, ஜெயித்துக்கொண்டிருக்கும் தளபதியைப் பாதி முற்றுகையில் கீழே இறக்கிவிட்டது. கூட் அங்கே இருக்கும்வரை மான்சன் அதிகாரம் காட்ட வேண்டாம் என்று ஒரு தேன் தடவிய வரியும் இருந்தது. இந்த மாதிரி வரிக்கு அர்த்தம் என்ன என்று சீனியாரிட்டி லிஸ்ட் பார்த்து வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் சொல்லித்தர வேண்டாம். கூட் மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்.

மான்சன் தளபதி ஆனார். புதுச்சேரியைச் சுற்றி ஒரு முள்வேலி வளர்த்திருந்தார்கள், வழிகளில் காவல் மேடைகளும் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பிடிக்கத் திட்டம் போட்டார் மான்சன். திட்டம் மோசமில்லை, இருட்டில் ஒரு பகுதிப் படை தடுமாறினாலும் வேலி கைக்கு வந்தது. ஆனால் ஒரு குண்டு மான்சனின் காலை எலும்போடு நொறுக்கியது. பதவி வந்து ஒரு பத்து நாள் இருக்கலாம். படுக்கையில் கிடந்தபடி சென்னைக்குச் சொல்லியனுப்பினார்: கூட்டே வந்து ஏற்கட்டும். செப்டம்பர் முடிவதற்குள் கூட் திரும்பினார். பிரெஞ்சுக்காரர்களால் இரண்டு வருடம் தீர்க்க முடியாத சிக்கலை ஆங்கிலேயர்களுக்கு ஒரு பிரெஞ்சுக் குண்டே தீர்த்துக் கொடுத்தது.

முற்றுகையின் மீதி நல்ல கதை அல்ல. நவம்பர் கடைசியில் சோறு மிச்சம்பிடிக்க லாலி ஊர்த் தமிழர்களை, 1,400 பேர் என்று கணக்கு, கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர்கள் வழிவிடவில்லை. இரண்டு படைக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் புல் பூண்டைத் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட் விட்டார். 1761 புத்தாண்டு அன்று புயல் வந்து ஆங்கிலேயக் கப்பல்களைப் புரட்டிப் போட்டது. லாலிக்கு அதுவும் பயன்படவில்லை. ஜனவரி 12 அன்று, எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கம் பிள்ளை கண்ணை மூடினார். டூப்ளேவுக்கு அடுத்த இடத்தில் துபாஷியாக இருந்தவர், அவரும் ஒரு வகையில் நம் கதையின் ஆள்தான். நாலு நாள் கழித்து ஊர் சரணடைந்தது. லாலி வெளியே வரும்போது சொந்த அதிகாரிகளே சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். அவருடைய கணக்கு அதிகாரி துபுவாவை வாசலிலேயே குத்திக் கொன்றார்கள்.

பாரிஸில் விசாரணை. இந்தியாவை இழந்ததற்கு ஒரு கழுத்து தேவைப்பட்டது. பழைய துணைத் தளபதி சும்மா இருப்பாரா? லாலி ஒரு நீண்ட வாக்குமூலத்தை அச்சிட்டால், புஸ்ஸியும் 1766-ல் பதிலுக்கு ஒன்றை அச்சிட்டார். வந்தவாசியில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காதவர்கள் இப்போது வரிவரியாகப் படித்து மறுப்பு எழுதினார்கள். அந்த ஆண்டு மே 9 அன்று லாலியின் தலையை வெட்டினார்கள். வழியில் பேசிவிடுவார் என்று வாயில் துணி அடைத்திருந்தார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த முன்னெச்சரிக்கை புரியும். வால்டேர் அவருக்காக வருடக்கணக்கில் எழுதி, 1778-ல் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். இன்று புதுச்சேரியில் லாலிக்கும் ஒரு தெரு உண்டு, புஸ்ஸிக்கும் ஒரு தெரு உண்டு.

மான்சன் பிழைத்தார். 1762-ல் டிரேப்பர் மணிலாவைப் பிடிக்கப் போனபோது அவருக்குத் துணைத் தளபதியாகப் போனார். 1774-ல் கல்கத்தா கவுன்சிலில், கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸை எதிர்த்த அணியில், ஜெனரல் கிளேவரிங்குக்கு அடுத்த இடம். 1776-ல் அதே இடத்தில் இருந்தபடி இறந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை முதலிடம், அதுவும் இரண்டு கால்களோடு பத்து நாள்.

இரண்டாம் இடத்திலிருந்து அடுத்த படிக்குத் தாவிப் பார்த்த ஒரு நம்மாளும் அந்தக் காலத்தில் உண்டு. ஆங்கிலேயரின் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக இருந்த யூசுப் கான், மருதநாயகம். சென்னை முற்றுகையில் லாலியின் பின்னால் போய் அவர் சோற்று வண்டிகளை மறித்தவர். பிறகு மதுரையைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே ராஜாவாகவே நின்றுவிட்டார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். 1997-ல் கமல்ஹாசன் எலிசபெத் ராணியை வைத்துத் தொடங்கிய அவருடைய படமும் முடிந்தபாடில்லை.

புஸ்ஸிக்கு மட்டும் காலம் கடந்து கதவு திறந்தது. 1783-ல் இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் படை முழுவதற்கும் அவர்தான் தளபதி. அறுபதைத் தாண்டிய வயது, கீல்வாதம், பழைய நினைவுகள். அந்த ஏப்ரலில் கூட் சென்னையில் இறந்துபோயிருந்ததால் பழைய கணக்கைத் தீர்க்கவும் ஆள் இல்லை. ஜூன் 13 அன்று கடலூரில் சண்டை. இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ராத்திரி புஸ்ஸி கோட்டைக்குள் படையை இழுத்துக்கொண்டார். அவருக்குக் கீழே இருந்த இளம் அதிகாரிகள், இந்தக் கிழவர் நம் பேச்சைக் கேட்டிருந்தால் துரத்தி அடித்திருக்கலாமே என்று முணுமுணுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்து, ஐரோப்பாவில் இரண்டு ராஜாக்களும் ஜனவரி 20 அன்றே சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று தெரிவித்தது.